சதுரத்துக்கு வெளியே

சாப்பாட்டு மேஜையில், மாமியார் முன்னால், அவள் தன் புருஷனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க சொன்னதுதான் சரி. என் நம்பர்தான் தப்பு. இத்தனை மாசமா உங்ககிட்ட மல்லுக்கு நின்னேன். மன்னிச்சிடுங்க."

அவன் பெருந்தன்மையாகச் சிரித்தான். "அட, விடு. ஊசி வேலைன்னா அப்படித்தான். யாருக்கும் வர்ற தப்புதான்" என்று சொல்லி, அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினான். மாமியாருக்குத்தான் நிம்மதி. "அப்பாடா. இனிமேலாவது இந்த வீட்டுல மண்ணைப் பத்திப் பேசாம நாலு வாய் சாப்பிடலாம்" என்றாள்.

மாமியார் சொன்னதில் பொய்யில்லை. அந்த வீட்டில் மண்ணைப் பற்றித்தான் சண்டை. நகைக்குச் சண்டை போடுகிற குடும்பத்தைப் பார்த்திருக்கிறோம், நிலத்துக்குப் போடுகிற குடும்பத்தையும் பார்த்திருக்கிறோம். ஒரு சிட்டிகை வெள்ளைக் களிமண்ணுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டது அங்கே மட்டும்தான் இருக்கும்.

சாதாக் களிமண் இல்லை அது. வெறும் கண்ணுக்கு மாவு. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அத்தனையும் குழாய். பாயைச் சுருட்டி வைத்தது போலச் சுற்றுச் சுற்றாக, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே துளி ஈரத்தோடு இருக்கும். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கலாம். மருந்தை உள்ளே அடைத்து அனுப்பலாம், பிளாஸ்டிக்கில் கலந்து வலுவேற்றலாம் என்று ஊருக்கெல்லாம் அதன்மேல் ஆசை. ஆசைப்பட்டால் போதுமா, ஒற்றைக் குழாய் எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு வளையும் என்று யாராவது அளந்து சொல்ல வேண்டாமா? அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக வெட்டிய தகட்டின்மேல், களிமண் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டு உலர விடுவார்கள். எண்ணமுடியாத குழாய்களில் ஏதோ ஒன்றிரண்டு, குழியின் குறுக்கே பாலம் மாதிரி விழுந்து கிடக்கும். அந்தப் பாலத்தின் நடுமுதுகில் ஊசியை வைத்து அழுத்த வேண்டும். தையல் ஊசி இல்லை. வளைந்து கொடுக்கிற ஒரு துக்குணிக் கம்பியின் நுனியில், கண்ணுக்கே தெரியாத முள் அது. பாலம் எவ்வளவு தாழ்ந்தது, கம்பி எவ்வளவு வளைந்தது, இரண்டையும் பார்த்தால் குழாயின் விறைப்பு தெரிந்துவிடும். சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட அன்றைய அளவு போச்சு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் அதைச் செய்வாள். துறையில் அவளுக்கு 'ஊசி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாயும் அப்படித்தான் என்பது பெயர் வைத்தவர்களின் வாதம்.

அவள் புருஷனும் அதே துறைதான். கல்லூரியில் ஒரே பெஞ்ச். தனியாக இருக்கும்போது வா, போ என்பாள். மாமியார் எதிரில் மட்டும் மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தளத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அறை அவனுடைய ராஜ்ஜியம். சாவி அவன் சட்டைப்பையில்தான். எலக்ட்ரான் கற்றையை, அவர்கள் பேச்சில் பீமை, குழாய்மேல் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டே இழுத்து வளைத்து, அவன் முன்பே ஒரு எண்ணைச் சொல்லியிருந்தான். இந்தக் குழாயைப் பற்றி யார் எழுதினாலும் அந்த எண்ணைத்தான் எடுத்துப் போடுவார்கள். மைக்ரோஸ்கோப் மையத்துக்குத் தலைவராக அவனைப் போடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டதும் அந்த எண்ணால்தான்.

அவள் ஊசிக்கு வந்த எண் அதில் பாதி.

"நீ அளந்தது வெந்துபோன குழாய்டா" என்று அவள் அவனைச் சீண்டினாள். "பீம் பட்டா உள்ள இருக்கிற ஈரம் போயிடும். சுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் விறைப்பா இல்லாம என்ன பண்ணும்? என் குழாய் பீமையே பார்க்காதது. பச்சைப்பிள்ளை."

அவனும் சிரித்தான். "என் மிஷினுக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னுகூட இவளுக்குத் தெரியாது, என் மிஷினைக் குத்தம் சொல்ல வந்துட்டா" என்று துறை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அது உண்மைதான். கற்றுக்கொடு என்று பலமுறை கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்று தட்டிக்கழித்துவிடுவான். அவளும் அந்த நகைச்சுவைக்குச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

துறைத்தலைவர் ஒரு நல்ல மனிதர். எதற்கும் "ஆகட்டும், பார்ப்போம்" என்பார். ஆகவே துறையில் அவருக்குப் பெயர் 'ஆகட்டும் சார்'. ஒரே வீட்டிலிருந்து இரண்டு எண் வெளியே போவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. "புதுசா சாம்பிள் போட்டு இன்னொரு தடவை அளந்துடுங்கம்மா. அப்பவும் அதே நம்பர் வந்தா, ஆகட்டும், வெளியிடுவோம்" என்றார்.

அப்போதுதான் அவன், தானாக முன்வந்து, "சாம்பிளை நான் தயார் பண்ணித் தர்றேன்" என்றான். "நீ அளக்கறதை மட்டும் பாரு. தேடித் தேடியே உனக்குக் கண்ணு போகுது." தகட்டைக் கொடுக்கும்போது எந்தெந்தக் குழியில் குழாய் நன்றாக விழுந்திருக்கிறது என்பதையும் வரிசை சொல்லிக் கொடுத்தான்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"சாதா மைக்ரோஸ்கோப்லதான். நிழல் மாதிரி லேசாத் தெரியுது."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். வெளிச்சத்தில் பார்க்கிற சாதா மைக்ரோஸ்கோப்பில் அந்தக் குழாய் தெரிந்தால், யானை ஊசிக்காதில் நுழைந்தது என்று அர்த்தம். ஆனால் சொன்னது அவன். வாரக்கணக்கில் தேட வேண்டியதைத் தேடிக் கொடுத்திருக்கிறான் என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நம்பினாள். முட்டாள்தனம் என்று இப்போது சொல்லலாம். புருஷனை நம்புகிறவளை வேறு எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புது சாம்பிளில் எண் ஏறியது. எந்தக் குழாயைத் தொட்டாலும் அவன் எண்தான் வந்தது. அவள் ஊசியை மாற்றினாள். கம்பியின் வளைவை மறுபடி மறுபடி சரிபார்த்தாள். அப்படியானால் முதலில் அளந்தபோது என் கைதான் தப்பு பண்ணியிருக்கிறது என்று தன்னையே குடைந்துகொண்டாள். தேநீரை விட்டாள், கை நடுங்குகிறதோ என்று. கண் டாக்டரிடம் போனாள். ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவன் கதவைத் தட்டி, வெளியே கூப்பிட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் வர்றதுதான். உன்னை யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. நான் இருக்கேன்ல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கைக்கு அவள் நன்றி சொன்னாள். அதற்கப்புறம்தான் சாப்பாட்டு மேஜையில் அந்த மன்னிப்பு.

துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் பழைய எண் தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதாக முடிவாயிற்று. சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அதன்பிறகு அவள் ஊசியை எவனும் நம்பமாட்டான். அவளும் நம்பமாட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் ஆகட்டும் சார் அறைக்குள் தலையை நீட்டினார். "எல்லாப் படமும் ஒரே குழாயா இருக்கேம்மா. பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. தகடு எப்படி இருக்குன்னு அகலமா ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்."

"அகலமா எடுத்தா ஊசி மழுங்கிடும் சார்."

"நாளையோட இந்த வேலை முடியப்போகுது. ஒரு ஊசிதானே, போனாப் போகட்டும்."

ஊசி வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் இது. இந்த ஊசி பார்த்துப் படம் எடுக்கிறதில்லை, தடவித்தான் எடுக்கிறது. தடவத் தடவ முனை தேயும். அதனால் குழாய் இருக்கிற இடத்தை மட்டும், அதை ஒட்டி, சின்னக் கட்டமாக எடுத்துவிட்டு அழுத்தப் போய்விடுவார்கள். சுற்றிலும் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற வழக்கமே இல்லை. சிக்கனம். அந்தச் சிக்கனம் அவள் புருஷனுக்கும் தெரியும்.

முணுமுணுத்துக்கொண்டே அகலமாக எடுத்தாள். திரையில் படம் வரிவரியாக மேலிருந்து கீழே இறங்கியது. குழிகள் வந்தன. அவன் சொன்ன குழி வந்தது, அதன் குறுக்கே குழாய் வந்தது. குழாயைச் சுற்றி இன்னொன்றும் வந்தது.

ஒரு சதுரம்.

தகட்டின்மேல் மெல்லிய மேடாக, நாலு மூலையும் செங்கோணமாக, ஓரம் கத்தியால் வெட்டினது போல ஒரு சதுரம். அதற்கு நட்டநடுவில் அவளுடைய குழாய். அடுத்து அவன் சொன்ன குழிக்குப் போனாள். அங்கேயும் சதுரம். அதற்கடுத்ததிலும் சதுரம்.

சொட்டு உலர்ந்தால் வளையமாகத்தான் கறை விழும். களிமண் திட்டுத்திட்டாகத்தான் படியும். இயற்கைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாது. செங்கோணச் சதுரம் போடுவது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று அந்தத் துறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். எலக்ட்ரான் பீம் ஓர் இடத்தை நிதானமாகப் பார்த்தால், அங்கே இங்கே ஒட்டியிருக்கிற அழுக்கை எல்லாம் சுட்டு, தான் பார்த்த கட்டத்தில் மெல்லிசாகப் பூசிவிட்டுப் போகும். பார்த்த கண்ணின் அச்சு அப்படியே தங்கிவிடும்.

யாராவது தெரியாமல் மாற்றி வைத்திருப்பார்களோ என்று முதலில் நினைத்தாள். யார்? சாவி ஒருத்தன் பையில். தகடு அவன் கையிலிருந்து நேராக அவள் கைக்கு வந்தது. சாதா மைக்ரோஸ்கோப்பில் நிழல் மாதிரித் தெரிந்ததாம். காதில் பூ சுற்றியிருக்கிறான், அவளும் தலையை ஆட்டி ஆட்டி வாகாகக் காட்டியிருக்கிறாள்.

படத்தின் ஓரத்தில், எல்லாச் சதுரங்களுக்கும் வெளியே, அவன் சொல்லாத ஒரு குழியின் குறுக்கே ஒரு குழாய் கிடந்தது. அவன் கண்ணுக்குத் தப்பிய குழாய். அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். புது ஊசி மாட்டினாள். கை நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

பாதி.

அவளுடைய எண். முதன்முதலில் அவளுக்கு வந்த அதே எண். மறுபடி அழுத்தினாள், அதேதான். சதுரத்துக்குள் இருந்த குழாய்க்குப் போய், அதே ஊசியால், அதே கையால் அழுத்தினாள். அவன் எண் வந்தது. திரும்ப வெளியே வந்தாள். பாதி.

கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் அந்த மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இவ்வளவு சரியாக இருந்த கையை எத்தனை நாள் திட்டியிருக்கிறாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அவன் மிஷின் முன்னால் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் படத்தை அவன் எதிரில் வைத்தாள்.

அவன் பார்த்தான். மெல்லுவது நின்றது. மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்தான்.

"சும்மா பார்த்தேன்" என்றான். "எங்க விழுந்திருக்குன்னு உனக்குத் தேடிக் குடுக்கலாம்னு. வெறும் பார்வைதானே."

"இவ்வளவு மேடு கட்டற அளவுக்கு வெறும் பார்வையா?"

அவன் படத்தை ஓரமாகத் தள்ளினான்.

"பீம் பட்டா என்ன ஆகும்னு நான் உங்ககிட்டதானே சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லலையே." அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். மாமியார் இல்லை. மரியாதை தானாக வந்துவிட்டது. அது அவனுக்கும் காதில் விழுந்தது.

"என்ன, புதுசா நீங்க நாங்கன்னு."

"நான் சொன்னதை நம்பினதாலதானே வச்சு வாட்டுனீங்க? பீம் ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சிருந்தா எதுக்கு வாட்டணும்? நான் சொன்னது சரின்னு என்னைவிட முதல்ல நம்பினது நீங்கதான்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இந்த நம்பர்தான் நான். அது போனா எனக்கு என்ன மிச்சம்? அதுவும் பெண்டாட்டி வந்து தட்டிவிட்டாள்னு ஊர் சிரிக்கும். உனக்கென்ன, உனக்கு இன்னும் ஆயிரம் அளக்க இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "நான் ஒரு பொய் நம்பர் எழுதினேனா? எல்லாம் நீ அளந்ததுதானே" என்றான்.

அவள் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "ஆமா. நான் அளந்ததுதான். என் கையையே எனக்குப் பொய்சாட்சி ஆக்கிட்டீங்க. திருடியிருந்தாக்கூடத் திருடன்னு திட்டிட்டுப் போயிருப்பேன். குளியலறையில அழுதேனே, அப்போ முதுகைத் தடவிக் குடுத்தீங்களே. தடவும்போது உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"பாவமாத்தான் இருந்துச்சு" என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

அவள் படியேறும்போது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "நாளைக்குப் பேசாம வாபஸ் வாங்கிடு. ஒரு வருஷம் போனா எல்லாரும் மறந்துடுவாங்க. வீட்டு விஷயத்தை வெளிய கொண்டு போகாதே."

மறுநாள் கூட்டத்தில் அவன் முதல் வரிசையில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஆகட்டும் சார் தொண்டையைச் செருமி, "தன் தப்பைத் தானே எழுந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்" என்று அவளை அழைத்தார். நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள்.

அவள் அகலமான படத்தைப் போட்டாள். சதுரங்களைக் குச்சியால் காட்டினாள். உள்ளே இருப்பதன் எண்ணைச் சொன்னாள், வெளியே இருப்பதன் எண்ணைச் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்குச் சதுரம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்னாலிருந்து ஒருத்தர், "பீம்ல யார் வச்சது?" என்றார்.

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். அவனே எழுந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். எவ்வளவு நடந்த பிறகும் அவளுக்கு அந்த ஆசை மிச்சமிருந்தது. எழுந்து, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை எப்படியாவது விழுங்கிக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் நின்றாள்.

அவன் எழுந்தான்.

"சாம்பிளைக் கையாளும்போது கவனக்குறைவு நடந்திருக்கு" என்றான், எல்லாரையும் பார்த்து, நிதானமாக. "பாவம், அவங்க ரொம்ப நாளா மனஉளைச்சல்ல இருந்தாங்க. வீட்லயே பார்த்துட்டுதான் இருக்கேன். அவங்களே தெரியாம பீம்ல வச்சுப் பார்த்திருப்பாங்க. இதைப் பெருசு பண்ண வேண்டாம்."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். நேற்று முதுகில் குத்தினவன் இன்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குத்துகிறான். குளியலறை அழுகையையும் கொண்டுவந்து சபையில் வைத்துவிட்டான்.

ஆகட்டும் சார் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, யோசித்து யோசித்து, கேட்டார். "ஏம்ப்பா, உன் மிஷினுக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னுகூட இவங்களுக்குத் தெரியாதுன்னு எங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே?"

அவன் அப்படியே நின்றான். சட்டைப்பைமேல் கையை வைத்தான், சாவி இருந்த இடத்தில். எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"என் முதல் நம்பர் சரி" என்றாள் அவள். "அதை வாபஸ் வாங்கலை சார்."

ஆகட்டும் சார் தலையை மட்டும் ஆட்டினார். ஆகட்டும் என்று சொல்லவில்லை.

அன்று வீட்டில் மாமியார் மூன்று தட்டு வைத்தாள். அவன் வந்து உட்கார்ந்தான், தட்டைப் பார்த்தபடி. அவள் உட்காரவில்லை. சின்னப் பெட்டி ஒன்று வாசல் பக்கம் இருந்தது. மாமியார் அதை இன்னும் பார்க்கவில்லை.

"அத்தை, அன்னைக்கு இதே மேஜையில உங்க முன்னாடி நான் மன்னிப்புக் கேட்டேன்ல" என்றாள். "அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்."

"என்னடி சொல்றே? எந்த மன்னிப்பு?" மாமியார் கரண்டியும் கையுமாக மகனைப் பார்த்தாள். "என்னடா சொல்றா இவ?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். மாமியார் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்றவள், அவளுக்குத் தெரியாத முகமா அது. பரிமாற எடுத்த கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கைப்பிடியைச் சுழற்றும்போது தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை.